இரைச்சலுக்கு அடியில்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சித்தியும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். சாப்பிட மாட்டாய் என்றும் தெரியும்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. சித்திதான் பிரித்தாள். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளேயரும் இயர்போனும் இருந்தன. சித்தி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "என்னடி இது, குழாயைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு? இதையா பார்சல் கட்டி அனுப்பினா? ஒரு பாட்டு கீட்டு போட்டு அனுப்பக்கூடாதா உங்க அக்கா?" என்றாள். அப்புறம் பாட்டு பின்னால் வருமோ என்று இன்னொரு தடவை வைத்துக் கேட்டாள்.

நானும் கேட்டேன். ஐந்து பதிவு இருக்கிறது. ஐந்தும் ஒரே இரைச்சல்தான். கெட்டுப்போய் வந்திருக்கிறதா, இல்லை அப்படித்தான் இருக்குமா?

போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று திட்டாதே. போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன், நீ "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பாய், எனக்கு வருகிற இரண்டு வார்த்தையும் போய்விடும். காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

லாண்டரியில் என்னை மடிக்கிற மேசையிலிருந்து ரோலருக்கு மாற்றிவிட்டார்கள். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்த ஈரத்தோடு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, தேய்த்து, அப்பளம் மாதிரி வரும். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போக வேண்டும், அதுதான் வேலை. என்னோடு பிடிக்கிறவர் சுருட்டை அக்கா. தலைமுடியால் வந்த பேர். "நீ பேசாட்டி பரவால்ல, உனக்கும் சேர்த்து நானே பேசிடறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்கிறார்.

தூக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கண்ணை மூடினால் காது திறந்துகொள்கிறது. தெருவில் போகிற வண்டி, அடுத்த அறையில் சித்தி புரண்டு படுப்பது, எல்லாம் கேட்கிறது. அம்மா பக்கத்தில் படுத்துப் பழகிய காது. அம்மா போய் இத்தனை மாதமாகியும் அதற்கு யாரும் வேலை முடிந்தது என்று சொல்லவில்லை போல.

உன் பூனை


ஜூன் 12

என் பூனைக்குட்டிக்கு,

அக்காவின் முத்தங்கள். கெட்டுப்போகவில்லையடி, அது அப்படித்தான். சித்தியிடம் சொல், பாட்டு வராது, காத்திருக்க வேண்டாம்.

நான் வேலை செய்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன செய்கிறோம் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாயே, இதுதான். வெறும் இரைச்சலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, அதையே வரிசையாக ஒட்டிவிடுவோம். கேட்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் நாலைந்து தடவை வந்ததுமே மூளை, 'அட, இது இப்போதுதானே வந்தது' என்று பிடித்துக்கொள்கிறது. நமக்குத் தெரிவதற்கு முன்னாலேயே! அதில் மெட்டு இல்லை, வார்த்தை இல்லை, அர்த்தம் ஒன்றும் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் சில வாரம் கழித்து அதே துண்டைப் போட்டால் மூளைக்கு அது தெரிகிறது. பழகிய ஆளைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி தலையைத் திருப்புகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும்போது உனக்குக் கேட்டிருக்கிறதா? நின்றால்தான் கேட்கும். அப்படியென்றால் அதுவரை உள்ளே யாரோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்தானே?

நீ செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. படுக்கும்போது காதில் மாட்டிக்கொள். கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதே, சும்மா கேள். எதைத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுது. வேறு யார் காதுக்கும் கொடுக்காதே. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் நீ கேட்கிற விதமே மாறிவிடும்.

இன்னொரு நல்ல சேதி. என்னோடு அறையில் இருக்கிறவள் கல்யாணமாகிப் போகிறாள். செப்டம்பரில் நீ இங்கே வந்துவிடு. ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு. விட்ட படிப்பைத் தனியாகப் படித்துப் பரீட்சை எழுதலாம், நான் சொல்லித் தருகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ பள்ளியை விட்டாய், நான் என் படிப்பை விடவில்லை. இதையாவது எனக்குச் செய்ய விடு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். முத்தங்கள் என்ற இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன், வெட்கமாக இருந்தது. செப்டம்பர் என்றதும் சித்தி, "போ, போய் படி. இங்க இருந்தா உன்னையும் அந்த உருளைல விட்டுத் தேய்ச்சிடுவாங்க" என்றாள். எனக்கு ஜன்னல் பக்கம் என்று நீ எழுதியதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும்?

நீ கேட்டதைச் சொல்கிறேன். முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் போனதும் மூன்றாவதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. கேட்டது என்று சொல்ல முடியாது. மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரமாக இருந்தால் கண் பார்க்காவிட்டாலும் கால் தெரிந்துகொள்கிறதே, அந்த மாதிரி. இரைச்சலுக்கு அடியில் ஒன்று நீளமாக ஏறுகிறது. ஒரு இடத்தில் லேசாகச் சிக்குகிறது. நிற்கிறது. பிறகு இரண்டு துண்டாக இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது.

அது நிற்கும் இடத்தில் நானும் நின்றுவிடுகிறேன். இறங்கும்போது நானும் இறங்குகிறேன். அப்புறம் தூங்கிவிடுகிறேன் அக்கா! அம்மா போனதிலிருந்து இப்படித் தூங்கியதே இல்லை. காலையில் சித்தி உலுக்கி எழுப்பி, "கும்பகர்ணி, உனக்கென்ன ஆச்சு?" என்கிறாள்.

அதற்கு 'என் துண்டு' என்று பேர் வைத்திருக்கிறேன். பகலிலும் அது உள்ளே ஓடுகிறது. விரிப்பை உதறும்போது வாயிலிருந்து வந்துவிட்டது போல. சுருட்டை அக்கா, "என்னடி பாட்டு அது?" என்றார். "பாட்டு இல்லக்கா" என்றேன். "அப்ப பெருமூச்சா? யாரை நெனச்சுடி விடுற?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விரிப்பு பெரிசாக இருந்தது, அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது என்ன சத்தம்? எங்கே பிடித்தாய்?

உன் பூனை


ஜூலை 6

என் தங்கமே, என் பூனையே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்! இங்கே படித்தவர்கள்கூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. மாடிப்படி, கால்! அதை எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற சாரிடம் அப்படியே சொன்னேன். சார் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மூன்றாவது ஒன்றுமில்லையடி, ஒரு பழைய மோட்டார் ஓடுகிற சத்தம். நான்காவதிலும் திரும்ப வருகிற துண்டு உண்டு. அது இயந்திரம் செய்தது. அதை நீ கண்டுகொள்ளவே இல்லையா? நன்றாக யோசித்து எழுது. மூன்றாவதைக் கேட்கும்போது ஏதாவது இடமோ முகமோ ஞாபகம் வருகிறதா? வராவிட்டால் வரவில்லை என்று எழுது, அதுவும் எனக்கு வேண்டும். தூக்கம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது? கேட்காத நாளில் எப்படி இருக்கிறது? ஒரு வாரம் கேட்காமல் இருந்துவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கிறாயா?

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் பின்பக்கம் தெரியும். துணி காயப்போட்டிருப்பார்கள். உனக்குப் பழகிய காட்சிதான், சிரிக்காதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி ஒரு வாரம் கேட்கவில்லை. தூக்கம் பழையபடி போய்விட்டது. இடமோ முகமோ எதுவும் ஞாபகம் வரவில்லை.

அதை விடு. இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது, என்னால்.

வியாழக்கிழமை பெரிய விரிப்பு ஒன்றை ரோலருக்கு விட்டுக்கொண்டிருந்தோம். என் காதில் ஒன்றும் இல்லை, வேலை செய்யும்போது மாட்ட விடமாட்டார்கள். ஆனால் உள்ளே துண்டு ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும் இடம் வந்தது. என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை அக்கா, அது நின்றது. சுருட்டை அக்காவின் கை நிற்கவில்லை. விரிப்பு கோணலாக இழுத்தது. அவர் சரி பண்ணப் போய், வலது கை விரல் இரண்டு உருளையில் பட்டுவிட்டது. உருளைக்கு முன்னால் இருக்கிற நிறுத்துக் கட்டையைத் தட்டி மிஷினை நிறுத்துவதற்குள் தோல் உரிந்து வந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்து என்னைப் பார்த்து, "நின்னுக்கிட்டே தூங்குறியா? இது உங்க வீட்டுக் கட்டிலா?" என்று கத்தினார். சுருட்டை அக்கா குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு, "ஏன் சார் புள்ளைய கத்துறீங்க? நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், கவனிக்கல" என்றார். அது பொய். அப்புறம் என்னிடம், "அழாதடி. ஒரு மாசம் வீட்டுல பாத்திரம் கழுவ வேண்டாம்ல, அந்த மனுஷன் கழுவட்டும்" என்றார். சிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தார்.

எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது. எனக்குள் இது எப்படிப் போய் உட்கார்ந்தது? எப்படி வெளியே எடுப்பது? உனக்குத்தான் தெரியும், சீக்கிரம் எழுது.

உன் பூனை


ஜூலை 25

என் பூனைக்கு,

இப்போதுதான் படித்தேன், உடனே எழுதுகிறேன். காதில் எதுவுமே இல்லாதபோது கை நின்றது என்கிறாயே, கடைசியாகக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது? அந்த ஒரு வார இடைவெளியில்தானே இது நடந்தது? துண்டில் எந்த இடம் — சிக்குகிற இடமா, அதற்கு அடுத்த நிறுத்தமா? இதற்கு முன் கை இப்படி நின்றிருக்கிறதா, விபத்து ஆகாததால் நீ கவனிக்காமல் விட்டிருப்பாயா? சுருட்டை முடிக்காரப் பெண்ணிடம் கேட்டுப் பார், அவருக்குத் தெரிந்திருக்கலாம். கேள்வியைச் சாதாரணமாகக் கேள், பிளேயரைப் பற்றிச் சொல்லாதே.

ஞாபகம் காதோடு நிற்காமல் உடம்புக்குள் இறங்குகிறது என்பதை நாங்கள் ஊகித்துத்தான் வைத்திருந்தோம். உன் மூலமாக அது வருகிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாவம் அந்தப் பெண், கை ஆறிவிடும். நீ பயப்படாதே, உனக்கு ஒன்றும் இல்லை. செப்டம்பர் வரைதானே அந்த வேலை. அதுவரை கேட்பதை நிறுத்திவிடாதே. ரயிலுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

டிக்கெட் வந்தது.

உன் கடிதத்தில் முதலில் கேள்விகள் இருந்தன. சுருட்டை அக்காவின் கை கடைசியில் இருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுருட்டை அக்கா கட்டோடு வேலைக்கு வந்துவிட்டார். வராவிட்டால் சம்பளம் இல்லை. ஒரு கையால் தலையணை உறை மடிக்கிறார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீ சொன்னபடி சாதாரணமாகக் கேட்க வாயெடுத்தேன். அந்தக் கட்டைப் பார்த்ததும் முடியவில்லை. பிளேயரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். நீ யாருக்கும் கொடுக்காதே என்றாய். அவர் விரல் வெந்தது எதனால் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அவர் ஒரு காதில் மாட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரத்தில் மெல்வதை நிறுத்திவிட்டார்.

"யாருடி இது?"

"யாரும் இல்லக்கா. மோட்டார்."

"மோட்டாரா? மோட்டார் எச்சில் முழுங்குமாடி?"

இயர்போனை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டார்.

"என் மாமியார் கடைசியா படுத்தப்போ நான்தான் பக்கத்துல படுத்திருந்தேன். எனக்குத் தெரியாதா? இது ஒரு நோயாளி மூச்சு விடற சத்தம். மேல ஏதோ இரைச்சலப் போட்டு மூடி வச்சிருக்காங்க. பொம்பளை மூச்சு. இந்தா, இந்த எடத்துல முழுங்கறாங்க பாரு."

இயர்போனின் மற்றொரு முனையை என் காதில் வைத்தார். அதற்கப்புறம் எனக்கு இரைச்சல் கேட்கவே இல்லை அக்கா. அம்மா மட்டும்தான் கேட்டாள். இத்தனை நாள் எப்படிக் கேட்காமல் போனது என்றுதான் தெரியவில்லை.

நீளமாக இழுப்பாள், தொண்டையில் சிக்கும், முழுங்குவாள், நிற்கும், பிறகு இரண்டாக விடுவாள். எனக்குத் தெரிந்த மாதிரி அது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. சுருட்டை அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருடி? தெரிஞ்சவங்களா?" என்றார். "எங்கம்மா" என்றேன். அவர் சோற்றுக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கடைசியாக நீ ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தபோது, அம்மா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் போனை வைத்துவிட்டு, "சார்ஜ் ஏறுது, தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போவாய். அப்போது எடுத்ததா?

இல்லை என்று எழுது அக்கா. வேறு யாரோ ஒரு அம்மா என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

பூனை


ஆகஸ்ட் 9

என் செல்லமே,

நீ இப்படித் தெரிந்துகொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. நீ இங்கே வந்ததும் நானே மெதுவாகச் சொல்வதாக இருந்தேன். வேறு காதுக்குக் கொடுக்காதே என்று சொன்னது இதற்காகத்தான்.

ஆமாம், அம்மாதான். ஆனால் கோபப்படாமல் முழுவதையும் படி.

இங்கே வருகிறவர்களுக்குப் புதிய இரைச்சல் கொடுத்துத்தான் பார்க்கிறோம். எப்போதோ, வாழ்க்கையில், கேட்டுக் கேட்டு உள்ளே போன ஒரு சத்தத்தை, அது என்னவென்று தெரியாதபடி கொடுத்தால் மூளை அடையாளம் காணுமா? இதை யாரிடம் பார்ப்பது? அப்படி ஒரு சத்தத்தோடு இரவும் பகலும் இருந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். முன்கூட்டிச் சொன்னால் எல்லாம் வீண். தெரிந்துவிட்டால் நீ அம்மாவைத் தேடியிருப்பாய், எதைக் கேட்டாலும் அம்மா என்றிருப்பாய். அதனால்தான் மோட்டார் என்றேன். கேட்கிறவள் என் உறவுக்காரப் பெண் என்று மட்டும்தான் சாருக்குத் தெரியும்.

நீயே யோசித்துப் பார். உனக்குத் தீங்கா செய்தேன்? தூங்கினாய். நீயே எழுதினாயே, இப்படித் தூங்கியதே இல்லை என்று. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன், உனக்குத் தெரியுமா? நீ அவள் பக்கத்திலேயே இருந்தாய். எனக்கு என்ன இருந்தது? விடுமுறைக்கு வந்து போகிற மகள். அதனால்தான் போனை வைத்தேன். முதலில் ஆராய்ச்சிக்கு என்று வைக்கவில்லை, சத்தியமாக. எனக்கென்று கொஞ்சம் வேண்டும் என்றுதான்.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முழுப் பதிவு இப்போது இல்லை. அந்தப் போனைக் கொடுத்துவிட்டுத்தான் இப்போது இருக்கிற போனை வாங்கினேன். வெட்டி வைத்த துண்டுகள்தான் இருக்கின்றன. பேச்சு வரும் இடமெல்லாம் எங்களுக்கு உதவாது, அதனால் எடுத்துவிட்டேன். அதில் நீ என்னவோ கதை சொல்லிக்கொண்டே இருந்தாய். தெருவில் பார்த்தது, பக்கத்து வீட்டுச் சண்டை, என்னைப் போல நடித்துக் காட்டுவது! நீ அவ்வளவு பேசுவாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா இரண்டு தடவை "வாயாடி, வாயாடி" என்று கூப்பிட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான், உன்னை! சிரித்துவிட்டேன்.

கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிவிட்டேன். கோபத்தையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வா, இங்கே வந்து என்னை அடி. வந்துவிடு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

'நீ' என்று எழுதி இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். வரவில்லை. சூப்பர்வைசருக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டால் வருகிறது. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வரவில்லை. சித்தி காரணம் கேட்டாள். அக்காவுக்கு வேலை அதிகம் என்று சொன்னேன். சித்தியிடம் உங்களைப் பற்றிச் சொல்ல மனசு இல்லை. அவளுக்கு அக்கா மகள் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு இப்போது பதில் தெரியும். நான்காவதில் இயந்திரம் செய்த துண்டு இருந்தும் அதைக் கண்டுகொள்ளவே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா பக்கத்தில் படுத்திருந்தபோது நான் தூங்காததற்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மூச்சு நிற்கும். அடுத்தது வருமா என்று தெரியாது. அது வரும்வரை நானும் மூச்சு விடமாட்டேன். வந்ததும் விடுவேன். மறுபடி நிற்கும். ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருந்ததில்லை. உங்கள் துண்டில் அடுத்த மூச்சு எப்போதும் வந்துவிடுகிறது. அதே நேரத்தில், அதே மாதிரி, எத்தனை தடவை போட்டாலும். அதனால்தான் தூங்கினேன். அம்மா பிழைத்துவிட்டாள் என்று உடம்பு நினைத்துக்கொண்டது போல. என் உடம்பை நீங்கள் அப்படி ஏமாற்றியிருக்கக் கூடாது.

நான் தூங்கிவிட்டேன் என்று ஆசையாக எழுதினேன். நீங்கள் எழுந்து நின்றதாக எழுதினீர்கள். எனக்காகத்தான் நின்றீர்கள் என்று நினைத்து அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

வாயாடி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவே கூடாது. அது அம்மாவும் நானும் தனியாக இருக்கும்போது மட்டும் உள்ள பேர். யாராவது வந்தால் அம்மா கூப்பிட மாட்டாள், நானும் பேச மாட்டேன். எனக்குப் பேச வரும் என்று உலகத்தில் ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. நீங்கள் ஜன்னல் கட்டையில் போனை வைத்து அதைக் கேட்டீர்கள், சிரித்தீர்கள், உதவாது என்று வெட்டினீர்கள். போனைக் கொடுத்துப் புதுப் போன் வாங்கிக்கொண்டீர்கள். அம்மா பேசியது, நான் பேசியது எல்லாம் போய், நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்த நேரம் மட்டும் உங்களுக்கு உதவியது.

எனக்கென்று கொஞ்சம் வேண்டும் என்றுதான் வைத்தேன் என்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன், வெட்கப்பட்டிருப்பேன். ஆனால் நகர்ந்து இடம் விட்டிருப்பேன்.

சுருட்டை அக்காவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஒரு விரல் முழுதாக மடங்கவில்லை. திரும்ப ரோலருக்கு வந்தபோது வேறு யாரோடும் பிடிக்க மாட்டேன், இவளோடுதான் பிடிப்பேன் என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டார். எனக்குத்தான் பயமாக இருந்தது, கை நின்றுவிடுமோ என்று. "எதுக்குடி பயப்படுற? நின்னா சொல்லு, நானும் நிக்கறேன்" என்றார். சொல்லு என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்கிறேன். "நிக்குதுக்கா" என்று கத்துகிறேன். அவர் நிற்கிறார். விரிப்பு கொஞ்சம் சுருக்கமாகப் போகிறது, திட்டு வாங்குகிறோம்.

பிளேயர் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். இப்போது அதைக் கேட்பதில்லை. எப்படி அழிப்பது என்று தெரியும், ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். அழுத்தினேன். முழுதாக அழுத்துவதற்குள் எடுத்துவிட்டேன். அம்மாவின் சத்தம் என்று என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நீங்கள் திருடாமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. மற்றதையெல்லாம்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். என்னை இந்த நன்றியோடு உட்கார வைத்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் இளைய மகள்